திருப்புளியை எடுப்பதற்கு முன்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசைமேல் கழற்றிப் போட்டிருக்கும் இந்தக் கறுப்பு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டேதான் எல்லோரும் உள்ளே வந்தீர்கள். பின்வரிசையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மூடி தனியாக இருக்கிறது, கீபோர்டு தனியாக இருக்கிறது, பக்கத்தில் ஒரு பழைய காலண்டர் அட்டை, அதில் திருகுகள் செருகியிருக்கின்றன. இது என்னுடையது இல்லை. போன வாரம் ஒரு மாணவி இதைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பையில் வைக்க முடியாதபடி இடது மூலை பிளந்து, கீல் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அவளுடைய அண்ணன் பள்ளியில் படித்தபோது அரசிடமிருந்து வாங்கிய விலையில்லா மடிக்கணினி இது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, லட்சக்கணக்கான பிள்ளைகளின் கைக்குப் போன இயந்திரங்களில் ஒன்று. அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். தங்கை இப்போது இதில்தான் படிக்கிறாள். "கடையில காட்டினேன் சார். ரொம்பப் பழசு, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிக்கம்மான்னுட்டாங்க" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

"ரொம்பப் பழசு" என்கிற அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஒரு லேப்டாப்பில் அப்படி என்னதான் பழசாகிறது?

இருபது வருடமாக பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் லேப்டாப் பிரித்துப் பார்க்கிறேன். இத்தனை நாளில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: உள்ளே இருப்பவற்றில் இரண்டு வகைப் பொருள்கள்தான் தேய்கின்றன. ஒன்று, அசைகிறவை: ஹார்ட் டிஸ்க், ஃபேன், கீல், கீபோர்டின் பொத்தான்கள். இன்னொன்று, ரசாயன மாற்றம் நடக்கிறவை: பேட்டரி, பிராசசர்மேல் தடவிய பசை. மற்றபடி பிராசசர், நினைவகம், மதர்போர்டு எல்லாம் வாங்கிய அன்று எந்த வேகத்தில் கூட்டிக் கழித்தனவோ அதே வேகத்தில்தான் இன்றும் கூட்டிக் கழிக்கின்றன. விதிவிலக்கு உண்டு, பிறகு சொல்கிறேன். ஆனால் பத்தில் எட்டு இயந்திரம் இந்தத் தேய்கிற உறுப்புகளால்தான் முடங்கிக் கிடக்கிறது. அவைதான் மாற்றுவதற்கு மலிவானவையும்கூட.

முதலில் ஹார்ட் டிஸ்க். இது நூலகம் என்பதால் உங்களுக்கு எளிதாகப் புரியும். பழைய ஹார்ட் டிஸ்க் என்பது அலமாரிக்கு நடந்து போய் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து வரும் ஊழியர். அதன் தட்டு நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 90 சுற்று. நமக்கு வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அது ஐந்தரை மில்லி நொடி. ஊசி தாங்கிய கை அந்த வட்டத்துக்கு நகர இன்னொரு பத்துப் பன்னிரண்டு மில்லி நொடி. ஆக நொடிக்கு ஏறக்குறைய அறுபது முறைதான் அலமாரிக்குப் போய் வர முடியும். லேப்டாப்பை ஆன் செய்ததும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கோப்புகளை அது படிக்க வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், காபி ஆறிப்போகும்வரை திரை ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது விளங்கும். அதற்குப் பதிலாக இப்போது வரும் எஸ்எஸ்டி என்னும் சேமிப்பகத்தில் தட்டும் இல்லை, கையும் இல்லை. ஒரு முறை போய் வர மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது.

அதனால் ஒரு பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே அப்படியே உட்காரும். இரண்டும் வேண்டுமென்றால், டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 'கேடி' என்னும் சட்டத்தில் பழைய டிஸ்க்கை வைக்கலாம். வாங்கும் முன் அளந்து பாருங்கள்: டிவிடி டிரைவ் 9.5 மில்லிமீட்டர் தடிமனிலும் உண்டு, 12.7 மில்லிமீட்டரிலும் உண்டு. மாற்றி வாங்கினால் உள்ளே போகாது.

ரேம் கூட்டுவதிலும் இதே போல ஒரு சின்ன எச்சரிக்கை. டிடிஆர்3 என்று எழுதியிருந்தால் 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்றால் 1.35 வோல்ட். எல் போட்டது இரண்டு வோல்ட்டிலும் ஓடும். 1.35 வோல்ட்டை மட்டும் தரும் மதர்போர்டில் 1.5 வோல்ட் பலகையைச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும், லேப்டாப் போய்விட்டது என்று நெஞ்சு பதறும்.

அடுத்தது சூடு. "அரை மணி நேரம் நல்லா ஓடுது சார், அப்புறம் மாடு மாதிரி படுத்துக்குது" என்று யாராவது சொன்னால் நான் சாஃப்ட்வேர் பக்கமே போகமாட்டேன். பிராசசர் நூறு டிகிரியை நெருங்கினால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏன் சூடாகிறது? ஃபேன் காற்றைத் தள்ளும் வாயில், செம்புக் குழாயின் முனையில் மெல்லிய தகடுகள் அடுக்கியிருக்கும். தூசு ஃபேனில் அதிகம் தங்காது. ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவில் போய், கம்பளித் துண்டு போல அடையாகப் படியும். வெளியிலிருந்து ஊதுகிறவர்களுக்கு அது கண்ணில் படவே படாது. ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். அப்படி உரித்து எடுக்கும்போது வரும் நிறைவைச் சொல்லால் காட்ட முடியாது, நீங்களே செய்து பார்க்க வேண்டும். ஊதும் கருவியைப் பயன்படுத்தினால் ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுழன்றால் அச்சு கெட்டுவிடும். பிராசசர்மேல் இருக்கும் பசை ஐந்தாறு வருடத்தில் காய்ந்த சுண்ணாம்பு போல ஆகியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, ஒரு பச்சரிசி அளவு புதுப் பசை வைத்தால் போதும்.

இனி இந்தப் பெண்ணின் லேப்டாப்புக்கு வருகிறேன். இதில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் மிக அதிகமான லேப்டாப்புகள் இந்த ஒரே காரணத்தால்தான் பரணுக்குப் போகின்றன.

கீல் என்பது எஃகுத் தண்டு ஒன்றை இறுக்கிப் பிடித்திருக்கும் ஒரு கவ்வி. மூடியை எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும் என்பதற்காக அந்த இறுக்கம். அதற்குள் தடவிய கிரீஸ் வருடங்கள் போகப் போக வற்றிவிடுகிறது. இறுக்கம் கூடுகிறது. எஃகு வளையாது. கீலைப் பிடித்திருப்பது என்ன தெரியுமா? பிளாஸ்டிக்கில் சூடாக்கிப் பதித்த மூன்று பித்தளை மரைகள், ஒவ்வொன்றும் உளுந்து மணியைவிடச் சற்றே பெரியது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மரைகள் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றன. நம்மில் பெரும்பாலோர் மூடியின் வலது மூலையையோ இடது மூலையையோ பிடித்துத்தான் திறக்கிறோம். அப்போது பாரம் முழுவதும் ஒரே கீலில் விழுகிறது. ஒரு நாள் "டிக்" என்று சத்தம் கேட்கும். அன்றைக்கே நிறுத்திவிட்டால் பாதி வேலைதான். அதோடு மாதக்கணக்கில் திறந்து மூடினால், இதோ இப்படி ஓரம் பிளந்து, திரைக்குப் போகும் வயரையும் கீல் அறுக்கத் தொடங்கும். நல்ல வேளையாக இதில் வயர் தப்பித்தது.

நான் என்ன செய்தேன்? முதலில் காரணத்தைக் கவனித்தேன். கீலின் தண்டு முனையில் இருக்கும் நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். இதைச் செய்யாமல் ஒட்டினால் எந்தப் பசையும் ஆறு மாதம் தாங்காது. ஒட்டுவதை எல்லோரும் செய்கிறார்கள், தளர்த்துவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பிறகு உடைந்த பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்துத் துடைத்தேன். பித்தளை மரைகளைத் திருகிலேயே மாட்டி, கீலோடு சேர்த்து அதனதன் இடத்தில் நிறுத்தினேன். திருகின் முனையில் துளி வாசலின் தடவிக்கொண்டேன், இல்லையென்றால் திருகும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு பிறகு வராது. இரண்டு குழாய்களிலிருந்தும் சம அளவு எடுத்துக் கலக்கும் எபாக்சிப் பசையை மரைகளைச் சுற்றிக் கரை கட்டியது போல ஊற்றினேன். சட்டென ஒட்டும் பசை இங்கே உதவாது. அது கண்ணாடி போல இறுகி, அதிர்ச்சியில் தெறித்துவிடும். நேற்று மாலை ஊற்றியது, இருபத்து நான்கு மணி நேரம் ஆகியிருக்கிறது. பிளாஸ்டிக் தூளாகவே போய்விட்டிருந்தால், அடிப்பாகத்தில் துளை போட்டு ஒரு போல்ட்டை நேராக இறக்கி அடியில் நட்டு போட்டுவிடுவேன். பார்வைக்கு அழகாக இருக்காது, ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

அந்தக் காலண்டர் அட்டையைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். லேப்டாப்பின் அடிப்பாகத்தை அட்டையில் பேனாவால் வரைந்து, எந்த இடத்தில் எந்தத் திருகு வந்ததோ அங்கே ஒரு துளை போட்டு அதையே செருகி வைக்கிறேன். எல்லாத் திருகும் ஒன்று போலத்தான் தெரியும். ஒன்று 4 மில்லிமீட்டர், இன்னொன்று 8. நீளமானதைக் குட்டையின் இடத்தில் போட்டு முறுக்கினால் அது மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வரும், சமயத்தில் மதர்போர்டையே குத்தும். திறக்கும்போது சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியின் இணைப்பை எடுத்து, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடித்த பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். ஓரங்களை நெம்ப இரும்பு வேண்டாம், காலாவதியான ஏடிஎம் அட்டை போதும்.

கீபோர்டின் பட்டை வயரைக் கழற்றும் இடம் ஒன்றுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த வயரைப் பிடித்திருக்கும் பூட்டு நகத்தளவுகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் தகடு. சிலவற்றில் அது கதவு போல மேலே தூக்கும், சிலவற்றில் முன்னால் இழுபடும். தொடங்கிய காலத்தில், இழுக்க வேண்டியதைத் தூக்கி உடைத்துவிட்டேன். அது ஒரு பையனின் புராஜெக்ட் இருந்த லேப்டாப். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்த இணைப்பியைத் தேடி வாங்கி, மாற்றி சால்டர் செய்து கொடுக்க மூன்று வாரம் ஆனது. அவன் அந்த மூன்று வாரமும் நண்பனின் அறையில் உட்கார்ந்து எழுதினான். அன்றிலிருந்து, கையால் தொடுவதற்கு முன் அந்தப் பூட்டைப் பூதக்கண்ணாடியில் பார்க்காமல் நான் எதையும் கழற்றுவதில்லை.

பேட்டரியில் மட்டும் துணிச்சல் வேண்டாம் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான் செல்தான் இன்றுவரை நம் மடியில் இருக்கிறது. பழைய லேப்டாப்புகளின் பேட்டரிக்குள் 18650 என்ற உருளைச் செல்கள் இருக்கும்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அவற்றை மட்டும் வாங்கி மாற்றிவிடலாம் என்று பலருக்கும் ஆசை வரும். செல்லின்மேல் நேராகச் சால்டர் இரும்பை வைப்பது நெருப்போடு விளையாடுவது. அப்படியே மாற்றினாலும், உள்ளே கணக்கு வைக்கும் சிப் பல பேட்டரிகளில் பூட்டிக்கொள்ளும். முழு பேட்டரியாக மாற்றுங்கள். மெல்லிய லேப்டாப்புகளில் தட்டையான செல் இருக்கும், அது கெட்டால் உள்ளே வாயு சேர்ந்து உப்பும். முதல் அறிகுறி டச்பேடில் தெரியும்: அழுத்தினால் கிளிக் ஆகாது, அல்லது ஒரு பக்கம் மேலே தூக்கியிருக்கும். அதைப் பார்த்த நிமிடமே சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்ப எடுத்துச் சேகரிப்பது அவற்றைத் தயாரித்து விற்பவர்களின் பொறுப்பு.

விதிவிலக்கு உண்டு என்றேன் அல்லவா. 2008இல் என்விடியா நிறுவனத்தின் சில கிராஃபிக்ஸ் சிப்கள் லேப்டாப்புகளில் வரிசையாகச் செயலிழந்தன. சிப்புக்கும் அதன் அடித்தட்டுக்கும் நடுவில் இருக்கும் நுண்ணிய ஈயப் புள்ளிகள், சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து வெடித்துவிட்டன. அந்த நிறுவனமே 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை செலவாகும் என்று அறிவித்து ஒதுக்கியது. அப்போது ஒரு வைத்தியம் பரவியது: மதர்போர்டைக் கழற்றி, சமையல் அவனில் வைத்துச் சுடுவது. சுட்டால் பல போர்டுகள் உயிர்பெற்றன, உண்மைதான். சில வாரத்தில் மறுபடி போயின. சூட்டில் வெடிப்பு தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது, காரணம் அப்படியே இருக்கிறது. பிறகு அதே அவனில் வீட்டுச் சாப்பாடு. தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். லேப்டாப் திரும்ப எரிந்ததை மட்டும் பார்த்து மகிழ்ந்து, ஏன் அணைந்தது என்று கேட்காமல் விட்டால் அது ரிப்பேர் ஆகாது.

இன்னொரு வகை முதுமை இருக்கிறது. அது தேய்மானத்தால் வருவதில்லை, அறிவிப்பால் வருகிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாகவோ அதற்கு மேலாகவோ இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை வெளிவந்ததே 2017இல்தான். அதற்கு முந்தைய வருடம் வாங்கிய, கீறல்கூட இல்லாத லேப்டாப் ஒரே நாளில் கிழடு என்று முத்திரை குத்தப்பட்டுவிட்டது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. அந்த லேப்டாப்பில் எந்தக் குறையும் இல்லை. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுங்கள். இந்த மாணவியின் லேப்டாப்பில் இருப்பது 2 ஜிபி ரேம்தான். இன்னொரு 2 ஜிபியும் ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்து, எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்போடு ஒரு லினக்ஸை ஏற்றப்போகிறேன். கட்டுரை எழுத, சி மொழியில் நிரல் பழக, பாடக் காணொளி பார்க்க அது போதும்.

பழுது நீக்குவதைத் தாண்டி, பிடித்த மாதிரி மாற்றி அமைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். திங்க்பேட் என்ற லேப்டாப்பை ஐபிஎம் 1992இல் கொண்டுவந்தது. 2005இல் லெனோவோ கைக்குப் போனது. அதில் எக்ஸ்220 என்ற மாடலில் ஏழு வரிசைக் கீபோர்டு இருந்தது. 2012இல் வந்த எக்ஸ்230 மாடலில் அது ஆறு வரிசையாகிப் போனது. பழைய கீபோர்டின் மென்மைக்கு விரல் பழகியவர்கள் விடவில்லை. அடியில் இருக்கும் சின்னத் தாங்கிகளை அரம் வைத்துத் தேய்த்துப் பழையதைப் புதியதில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தது, ஆனால் சில பொத்தான்கள் தப்பு எழுத்தைத் தந்தன. எந்தப் பொத்தான் எந்த எழுத்து என்ற பட்டியல் கீபோர்டைக் கவனிக்கும் தனிச் சிப்பின் நிரலுக்குள் இருக்கிறது. அந்த நிரலையும் படித்துப் புரிந்துகொண்டு திருத்தினார்கள். சீனத்து ஆர்வலர்கள் ஒரு படி மேலே போனார்கள். எக்ஸ்61 மாடலின் பழைய கூட்டுக்குள் பொருந்தும்படி, ஐந்தாம் தலைமுறை இன்டெல் பிராசசரோடு புது மதர்போர்டையே வடிவமைத்து எக்ஸ்62 என்று பெயரிட்டார்கள்.

இதெல்லாம் முடிந்ததற்கு ஒரு காரணம், அந்த லேப்டாப்புகளை ஒவ்வொரு திருகாக எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டைத் தயாரிப்பு நிறுவனமே எல்லோருக்கும் பார்க்கக் கொடுத்ததுதான். எல்லோரும் கொடுப்பதில்லை. கைல் வீன்ஸ், லூக் சூல்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மாணவர்கள் 2003இல் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுநீக்கும் கையேட்டுத் தளத்தைத் தொடங்கியதே, ஐபுக் என்ற லேப்டாப்பைப் பிரிக்கக் கையேடு தேடிக் கிடைக்காமல் போனதால்தான். 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் புரோவில் ரேமைப் போர்டிலேயே சால்டர் செய்து, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். பழுது நீக்கும் எளிமைக்கு ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண்தான் கொடுத்தது. அந்த வழியில் பிறகு பலரும் போனார்கள். எதிர்த் திசையிலும் ஒருவர் போனார்: நீரவ் படேல் தொடங்கிய ஃப்ரேம்வொர்க் நிறுவனம் 2021இல் கொண்டுவந்த லேப்டாப்பில், மதர்போர்டை மட்டும் கழற்றிப் புதியதை மாட்டிக்கொள்ளலாம், கூடும் திரையும் அப்படியே இருக்கும். நம் நாட்டிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே வருடம் டிசம்பர் 24ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. அடுத்த முறை லேப்டாப் வாங்கும்போது கடைக்காரரிடம் நிறத்தையும் எடையையும் கேட்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ரேமைக் கழற்ற முடியுமா? பேட்டரி திருகில் இருக்கிறதா, பசையில் இருக்கிறதா?

உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று ஒரு பெரியவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐயா, சென்னையில் அண்ணா சாலைக்கு அருகே ரிச்சி தெரு இருக்கிறது. "என் லேப்டாப் 2016இல் வாங்கினது" என்று சொல்லிக் கேட்டால் அங்கே யாராலும் எடுத்துத் தர முடியாது. திரை வேண்டுமென்றால் திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் எண், கீபோர்டு வேண்டுமென்றால் அதன் அடியில் இருக்கும் எண். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். திரையில் வயர் செருகும் இடம் 30 முனையா 40 முனையா என்பதும் அந்தப் போட்டோவில் தெரிய வேண்டும்.

மீதியைக் கையால் காட்டுகிறேன். அந்த விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள் தம்பி. பசை இறுகியிருக்கிறது, நகத்தால் அழுத்தினேன், பதியவில்லை. இந்தப் பெண் முன்வரிசையில்தான் இருக்கிறாள். வாம்மா, காலண்டர் அட்டையை நீ பிடித்துக்கொள். இடது கீலுக்கு மூன்று திருகு, மூன்றும் குட்டை. முதலில் மூன்றையும் பாதிவரைக்கும் முடுக்கு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கு. ஆமாம், அப்படித்தான். இப்போது மூடியை நடுவில் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்.